மாட்டுக் கம்மல், பனியன் லேபிள், புவிசார் குறியீடு: எந்த டேக்கை நம்பலாம்?

காங்கேயம் மாட்டின் காதில் ஒரு டேக், திருப்பூர் பனியனின் கழுத்தில் ஒன்று, விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டும் லாரிக் கண்ணாடியில் ஒன்று, ஈரோட்டு மஞ்சளின் பெயரில் ஒன்று. இவற்றில் எது சொன்ன வேலையைச் செய்கிறது என்று கேட்டால், என் ஓட்டு மாட்டுக் கம்மலுக்குத்தான்.

மாட்டின் காதில் தொங்கும் அந்த மஞ்சள் நிற வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். ஒரு மாட்டுக்கு ஒரு எண். சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி எல்லாம் அந்த எண்ணில்தான் மத்திய அரசின் 'பாரத் பசுதன்' பதிவேட்டில் ஏறுகின்றன. காப்பீட்டுக்குப் படம் எடுக்கும்போதும் கம்மல் தெரிய வேண்டும். மாடு இறந்துபோனால் இழப்பீடு கேட்கவும் அதுவே சாட்சி. குறை ஒன்று உண்டு. கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், முள்ளுக் கிளுவை வேலியில் தலையை நுழைக்கிற மாட்டுக்குக் கம்மல் மாட்டிக்கொண்டு காது கிழியலாம், கம்மலும் விழலாம். விழுந்தது தெரிந்த அன்றே கால்நடை மருந்தகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் சொல்லிப் புதுசு போட்டுவிடுங்கள். "சூடு போட்டா விழாதுங்களே" என்பார்கள் பெரியவர்கள். வாஸ்தவம்தான். ஆனால் சூடு யார் வீட்டு மாடு என்று மட்டுமே சொல்லும். எந்த மாடு, எப்போது ஊசி போட்டது என்று சொல்லாது. மாட்டுக்கு அந்த வேதனையும் வேண்டாம்.

2021 பிப்ரவரியில் கட்டாயமான ஃபாஸ்டேக்கும் இதே வகை: ஒரு வண்டிக்கு ஒன்று. உள்ளே பேட்டரி கிடையாது. சாவடிக் கருவி அனுப்பும் ரேடியோ அலையே அந்தச் சில்லுக்குத் தெம்பு.

பனியனில் தொங்கும் விலை அட்டை வீட்டுக்குப் போனதும் குப்பைக்குப் போய்விடும். கடைசிவரை நிற்பது வாஷ்கேர் லேபிள்தான். தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம்: துவைப்பது, வெளுப்பது, உலர்த்துவது, தேய்ப்பது, டிரைகிளீனிங் என்று ஐந்து படத்தில் முடிந்துவிடுகிறது. தமிழ் தெரியாத ஊரிலும் திருப்பூர்ச் சரக்கு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. தைத்த கை யாருடையது என்பதற்கு மட்டும் அதில் படம் இல்லை.

நாம் அதிகம் கொண்டாடும் புவிசார் குறியீடுதான், வாங்குகிறவர் கையில் வைத்துப் பார்த்தால், இந்த வரிசையிலேயே வலுக்குறைந்தது. ஓர் ஊர்ப் பொருளின் பெயரை மற்றவர்கள் போட்டுக்கொள்ளாமல் காப்பதுதான் அதன் வேலை. அதற்கான 1999 சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. பவானி ஜமக்காளமும் கோவை வெட் கிரைண்டரும் முதல் சில ஆண்டுகளிலேயே அதைப் பெற்றன. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் கிடைத்தது. சட்டப்படி வழக்குப் போடும் உரிமை சிறிதல்ல. ஆனால் குறியீடு ஒட்டியிருப்பது பெயரில். கடையில் விரித்துக் காட்டும் அந்த ஜமக்காளத்தில் அல்ல. விசைத்தறிச் சரக்கு பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே விற்பனையாகிறது என்று கைத்தறி நெசவாளர்கள் பல வருஷமாக முறையிடுவது இதனால்தான். மஞ்சளோ அரைத்துப் பொடியாகிவிட்டால் எந்த ஊர்க் கிழங்கு என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஹேஷ்டேக்கில் யார் வேண்டுமானாலும் ஊர்ப் பெயரைப் போடலாம்; கடைப் பலகையிலும் இன்று அதே நிலைதான்.

மாட்டுக்குச் செய்ததைத் தறிக்கும் செய்ய வேண்டும்: ஒவ்வொரு ஜமக்காளத்துக்கும் ஓர் எண், அதன் பின்னால் நெசவாளர் பெயரோடு ஒரு பதிவேடு. அது வரும்வரை, 2006 முதல் இருக்கும் கைத்தறி முத்திரை லேபிள் துணியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முடிந்தால் பவானியில் தறி போட்டிருப்பவரிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ நேராக வாங்குங்கள்.