லீட்கோடா, ஹேக்கர்ரேங்கா? தண்டையார்பேட்டை மாடியிலிருந்து ஓர் அலசல்

வீட்டில் இருப்பது ஒரே அறை, செல்போன் ஹாட்ஸ்பாட், 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். அதில் எதை இன்ஸ்டால் செய்தாலும் திணறும். அதனால் சாஃப்ட்வேர் வேலை தேட ஆரம்பித்ததும் பிரவுசரிலேயே ஓடும் கோடிங் பயிற்சித் தளங்களைத்தான் பிடித்தேன். நாம் எழுதும் கோடு (புரோகிராம்) சர்வருக்குப் போய் அங்கே ஓடி, விடை மட்டும் திரும்பி வரும். டப்பா லேப்டாப்பே போதும்.

எல்லோரையும் போல முதலில் லீட்கோட். புரோகிராம் எழுதித் தீர்க்க வேண்டிய கணக்குகள் 3000-க்கும் மேல், பெரும்பாலும் இலவசம். சில கணக்குகளுக்கும், கம்பெனி வாரியாகப் பிரித்த பட்டியலுக்கும் காசு. எனக்கு இதில் பிடித்தது, கேள்விக்கு அடியில் சின்னதாகப் போட்டிருக்கும் வரம்புகள். பட்டியலில் 1,00,000 எண்கள் வரை வரலாம் என்றால், ஒவ்வொரு எண்ணையும் எல்லா எண்களோடும் சேர்த்துப் பார்க்கும் இரட்டை லூப்புக்கு 1000 கோடி சுற்று. நேரம் தாண்டிவிட்டது என்று சிவப்பில் வந்து நிற்கும். கேள்வியைப் படிக்கும்போதே எந்த வழி தேறாது என்று கணிக்கும் பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது.

ஆனால் லீட்கோட் நம்மைக் கொஞ்சம் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது. விடையை எழுத வேண்டிய ஃபங்ஷனின் சட்டகத்தை அதுவே தந்து, உள்ளீட்டையும் கையில் வைத்துவிடும். எண்பது கணக்கு போட்ட தைரியத்தில் ஒரு கம்பெனியின் ஆன்லைன் டெஸ்டில் உட்கார்ந்தேன். முதல் வரியில் எண்ணிக்கை, அடுத்த வரியில் இடைவெளி விட்டு எண்கள், எல்லாவற்றையும் நாமே படித்துப் பிரிக்க வேண்டும். அதிலேயே இருபது நிமிடம் போனது. விடை தெரிந்தும் கோட்டை விட்டேன்.

அந்த வகைக்கு ஹேக்கர்ரேங்க்தான் சரி. திருச்சி என்ஐடியில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் தொடங்கியது. கம்பெனிகள் ஆளெடுக்கும் டெஸ்டையே அதில் நடத்துவதால் அந்தத் திரை நமக்குப் பழகிவிடும். டேப் மாறினால் பதிவாகும் டெஸ்டுகளும் உண்டு, அதனால் பக்கத்து டேபில் கூகுள் வைத்துப் பழகாதீர்கள். விளக்கம் என்று பார்த்தால் லீட்கோட் அளவுக்கு ருசி இல்லை.

நீட்கோட் தனி ரகம். 150 கணக்குகளைத் தலைப்பு வாரியாக அடுக்கி, இலவச வீடியோவும் தருகிறது. எங்கே தொடங்குவது என்று விழிப்பவர்களுக்கு அதுதான். வீடியோ பார்த்துத் தலையாட்டுவதைப் படிப்பு என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் அதில் உண்டு. எனக்கு நடந்தது.

இந்த மூன்றும் நம்மைப் பேச வைப்பதில்லை. நேர்காணலில் பாதி மதிப்பெண் வாய்க்கு. பிராம்ப் என்று தொடங்கி இப்போது எக்ஸ்போனென்ட் என்ற நிறுவனத்தின் கையில் இருக்கும் தளம் முன்பின் தெரியாத ஒருவரோடு வீடியோவில் கோர்த்துவிடும். மாறி மாறிக் கேள்வி கேட்க வேண்டும். முதல் முறை எனக்கு இங்கிலீஷ் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கூடவே டேட்டாவும் கரையும், வீட்டில் குக்கர் விசிலும் கேட்கும். கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும், 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. எனக்கு மொட்டை மாடிதான்.

ஒருநாள் ஆள் கிடைக்காமல் பி.காம் படிக்கும் தங்கச்சியை உட்கார வைத்து லீட்கோடின் முதல் கணக்கைத் தமிழிலேயே சொன்னேன். பட்டியலில் 3, 2, 4. எந்த இரண்டைக் கூட்டினால் 6 வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். "எல்லா நம்பரையும் முதல்ல ஒரு செட்ல, அதாவது ஒரு பெட்டி மாதிரி, போட்டுடுவேன். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் ஜோடி உள்ள இருக்கான்னு தேடுவேன்."

"அப்போ 3-க்கு ஜோடி அதே 3-தானேண்ணா? ஒண்ணையே ரெண்டு தடவை எடுத்துப்பியா?"

ரன் பட்டனை நான் இன்னும் தொடவே இல்லை. புரோகிராமை ஓடவிடாமல் வெறும் டாக்குமென்டில் எழுதச் சொல்லும் நேர்காணலாக இருந்திருந்தால், அந்தத் தப்போடுதான் வெளியே வந்திருப்பேன்.