கை நடவா, இயந்திர நடவா?

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நெல் நடவுக்கு எல்லா வயலும் ஒரே சமயத்தில் ஆள் கேட்கும். டெல்டாவில் இயந்திரம் பரவ முதல் காரணம் இந்த நெருக்கடிதான், கூலியெல்லாம் அப்புறம்.

கை நடவுக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 15 பேர், ஒரு நாள். பள்ளம், வரப்போரம், தண்ணீர் வடியாத மூலை எங்கும் கை போகும். சம்பாவில் மழை முந்திக்கொண்டு நாற்று முற்றினாலும் குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று கூடுதலாக வைத்துச் சமாளிக்கலாம்.

இயந்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பாய்போல் சுருட்டி எடுக்கும்படி வளர்த்த 15 முதல் 18 நாள் நாற்று, அதாவது பாய் நாற்றுதான் வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 15 கிலோ விதை, 40 சதுர மீட்டர் நாற்றங்கால். பாலித்தீன் தாள்மேல் சலித்த மண்ணும் மட்கிய தொழுவுரமும் 2 செ.மீ. கனத்தில் பரப்ப வேண்டும். சலிக்காமல் விட்டால் நாற்றைப் பிடித்து நடும் இயந்திர நகத்தில் கல் சிக்கும். விதை திட்டுத்திட்டாக விழுந்தால் வயலில் வரிசை வரிசையாக வெற்றிடம். சேறடித்த அன்றே இயந்திரத்தை வயலில் இறக்காதீர்கள். நம் களிமண் படிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குமுன் ஓட்டினால் வண்டி தள்ளும் சேறு பக்கத்து வரிசையை மூடிவிடும். தண்ணீர் 2 செ.மீ. தாண்டினால் நாற்று மிதக்கும்.

வடிகால் சரியான வயலுக்கு இயந்திரமே மேல். ஆனால் அது மிச்சம் பிடிக்கும் நாள்கள் நடவுப் பெண்களுக்கு ஓய்வு அல்ல, கூலி இல்லாத நாள். பாய் நாற்று வளர்த்து விற்கும் வேலையாவது அவர்கள் கைக்குப் போக வேண்டும். நாற்றின் பக்குவம் அவர்களுக்குத்தான் தெரியும்.