குனியாமல் இறக்கி வைக்க ஓர் இடம்

சேலம் அம்மாபேட்டையில் அம்மா வீட்டுக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில் மின்னணுத் தராசு இருக்கிறது. ஊருக்கு வந்த மூன்றாம் நாள் துவரம்பருப்பு வாங்கப் போனவள், தோளில் கிடந்த பையைக் கழற்றி அதன் தட்டில் வைத்தேன். 6 கிலோ 420 கிராம். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “ஏன் அக்கா, உள்ளே அம்மிக்கல்லா?” என்றார்.

மடிக்கணினி, சார்ஜர், பவர் பேங்க், ஒரு லிட்டர் தண்ணீர், குடை, அம்மாவின் மாத்திரை டப்பா, பட்டா நகலும் வங்கிப் புத்தகமும் அடைத்த கோப்பு. காலையில் கிளம்பும்போது ஒவ்வொன்றும் இல்லாமல் முடியாது என்றுதான் தோன்றுகிறது. மாலையில் பார்த்தால் குடை விரிக்கப்படாமலே வீடு திரும்பியிருக்கும்.

ஸ்டுட்கார்ட்டில் 16 ஆண்டுகளாக வேலை. அதில் ஆறு ஆண்டுகளாகக் கீழ்முதுகு வலி. மூன்று மாதங்களைத் தாண்டினாலே நாள்பட்ட வலி என்று மருத்துவம் பெயர் வைத்துவிடுகிறது. அந்தக் கணக்கில் நான் பழுத்த அனுபவசாலி. 2020-இல் உலகில் சுமார் 62 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. கூட்டம் பெரிது என்பதால் யாருக்கும் வலி குறைவதில்லை.

பெங்களூரு விமான நிலையத்திலிருந்து வாடகை கார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர்க் கணவாய் என்று ஐந்து மணி நேரம். மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்பே சொல்லியிருந்தேன். முதல் முறை முகத்தைச் சுளித்தார். நான்காவது முறை நான் கேட்காமலே நிறுத்திவிட்டு, தானும் இறங்கி இடுப்பைப் பின்னால் வளைத்தார். ஆனால் புறப்படும்போது அவர் என் பெட்டியைத் தூக்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு கூசுகிறது. முழங்கால் மடங்கவில்லை, கைகள் இரண்டும் நீட்டியபடி, தரையிலிருந்து ஒரே வெட்டு.

விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ. தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம் 1991-இல் திருத்திய, ஒருவர் எவ்வளவு கனம் தூக்கலாம் என்று கணக்கிடும் சூத்திரமும், தற்செயலாக, 23 கிலோவில்தான் தொடங்குகிறது. பொருள் வயிற்றை ஒட்டி, தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் அந்த 23. அரை மீட்டர் தள்ளிப் போனால் வரம்பு பாதியாகிவிடும். தள்ளியும் இருந்து தரையிலும் கிடந்தால் ஒன்பது கிலோவுக்குக் கீழே இறங்கிவிடும். அதுவும் முதுகு நன்றாக இருப்பவர்களுக்கு. ஆகவே எனக்குக் கிலோவைவிட உயரம் முக்கியம்.

இதை எங்கள் பாட்டி சூத்திரம் இல்லாமலே அறிந்திருந்தாள். தாத்தாவின் ஊருக்குப் போகும் பாதையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. நட்டுவைத்த இரண்டு கற்கள், அவற்றின் மேல் படுக்கவைத்த ஒரு கல், மார்பளவு உயரம். கருவுற்றிருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்கள். இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமையை ஊராரின் சுமைகள் வழியாக இறக்குவதாக நம்பிக்கை. பாட்டி புல்லுக்கட்டை அதன் மேல் சரித்துவிட்டு, சும்மாட்டை உதறி முகத்தைத் துடைத்துக்கொள்வாள். குனிய வேண்டாம், தூக்கிவிட ஆள் தேட வேண்டாம். இந்தப் பயணத்தில் நான் போன இடங்களையெல்லாம் அந்தக் கல்லை வைத்தே அளந்துகொண்டிருந்தேன்.

அப்படி அளந்தால் படுமோசம் ஒரு வங்கிக் கிளை. அம்மாவின் கணக்கில் ஒரு திருத்தம். நாற்காலிகள் நிறைந்திருந்தன. கவுண்டரின் விளிம்பு ஒரு சாண் அகலம்கூட இல்லை. பேனா வைத்தால் உருண்டு விழுகிறது. பையைத் தரையில்தான் வைத்தாக வேண்டும். ஆதார் நகல் கேட்டார்கள், குனிந்தேன். பட்டா கேட்டார்கள், குனிந்தேன். புகைப்படம், மறுபடி ஆதார், இன்னொரு படிவம். எட்டாவது முறை நிமிர முடியவில்லை. பாதி வளைந்தபடியே, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்தவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசலில் இருந்த காவலாளிதான் தான் உட்காரும் முக்காலியைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டார். “பையை இது மேலே வையுங்கள் அம்மா” என்றார். முக்காலியைக் கொடுத்துவிட்டு மீதி நேரம் முழுவதும் அவர் நின்றுகொண்டிருந்தார் என்பது வெளியே வரும்போதுதான் உறைத்தது.

அன்று மாலை வீட்டுக்கருகில் ஒரு சிகிச்சை மையத்துக்குப் போனேன். கையோடு கொண்டுபோன பழைய ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக எடுக்கச் சொன்னார்கள். பத்து நாள் இடுப்பை இழுத்துவிடும் சிகிச்சை, 1,800 ரூபாய்க்கு ஒரு பெல்ட் என்று எழுதியும் தந்தார்கள். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழக்கமான சிகிச்சையாகப் பெல்ட்டும் இழுவையும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. நான் அதைச் சொன்னதும், “அது வெளிநாட்டுக்காரர்களுக்கு” என்று பதில் வந்தது. ஒருவகையில் அவர்களுக்கு நான் அந்த வகையில்தான் வருகிறேன் போலிருக்கிறது. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அஸ்தம்பட்டியில் ஒரு சின்னத் தெருவில் மாடிப்படிக்குக் கீழே அறை வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதுகூட இராது. தொடைகளுக்கு இடையில் மரத்துப்போகிறதா, சிறுநீர் கட்டுப்பாடு தவறுகிறதா, கால் வலுவிழக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், தன்னிடம் வரக் கூடாது என்றார். இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி: “ஒரு நாளில் என்னென்ன தூக்குகிறீர்கள்?”

ஆறு ஆண்டுகளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஸ்டுட்கார்ட்டில் எந்தத் தசை எப்படி இருக்கிறது என்று அளந்தார்கள், நாற்காலியை மாற்றச் சொன்னார்கள். என் கைப்பையை யாரும் திறந்து பார்த்ததில்லை. இவர் திறந்தார். ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். இடது தோளில் ஆறு கிலோ தொங்கினால், உடம்பு சாயாமல் இருக்க வலது பக்கத்து முதுகுத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். தோள் மாற்றிப் போட்டால் வேலை மறு பக்கத்துக்குப் போகும், அவ்வளவுதான் என்று கண்ணாடி முன் நிறுத்திக் காட்டினார். தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, “இது ஒரு கிலோ. அரை லிட்டர் கொண்டுபோய்த் தீர்ந்ததும் நிரப்பிக்கொள்ளக் கூடாதா?” என்றார். சேலத்தில் குழாயடியில் குடம் வைத்து வளர்ந்தவளுக்குப் பாட்டிலில் தண்ணீர் குறைந்தால் கை நடுங்கும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கிக் குனிவது, தினமும் நடப்பது, படுத்தே கிடக்காமல் இருப்பது. நாற்பது நிமிடம், 400 ரூபாய். பெல்ட் பற்றிப் பேச்சே எழவில்லை.

சின்னக்கடை வீதிப் பக்கம் நடைபாதையில் மிதி தையல் இயந்திரம் போட்டிருந்த பை தைப்பவரிடம் அந்தப் பிசியோதெரபிஸ்டே அனுப்பினார். என் பையைக் கையில் வாங்கியதுமே தைப்பவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒற்றை வார்ப் பை தபால்காரருக்குத்தான் அம்மா. அவர்களே இப்போது பைக்கில் போகிறார்கள்.” பழைய வாரைப் பிரித்து, அகலமான இரண்டு பட்டைகள் வைத்தார். உள்ளே மடிக்கணினிக்கான அறையை முதுகை ஒட்டிய பக்கம் மாற்றினார். கனமானது முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும், தள்ளித் தள்ளிப் போனால் ஆளைப் பின்னால் இழுக்கும் என்றார். சூத்திரத்தில் உள்ள அதே தூரக் கணக்கு. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பக்கிள். நான் கேட்காத ஒன்றையும் செய்தார்: ஜிப்பின் ரன்னரைக் கழற்றி மாற்றிப் பக்கவாட்டில் ஒரு வாய் திறந்துவிட்டார். பையை இறக்காமலே கோப்பை உருவிக்கொள்ளலாம். ஒன்றரை மணி நேரம், 220 ரூபாய். காத்திருந்த நேரத்தில் இரண்டு தட்டுவடை செட் தின்றேன். பீட்ரூட் துருவல் சட்டையில் விழுந்ததைத் தவிர அன்று வேறு இழப்பு இல்லை.

மறுநாள் மளிகைக் கடைத் தராசு 3 கிலோ 900 காட்டியது. “அம்மிக்கல்லை விற்றுவிட்டீர்களா?” என்றார் கடைக்காரர்.

ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போக வேண்டாம், கார் வைத்துக்கொள் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் பஸ்ஸில்தான் போனேன். புதிய பஸ் நிலையத்தில் முன்பாதியில் இடம் பிடித்தேன். பின்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தால் ஒவ்வொரு குழியும் நேரே முதுகெலும்புக்கு வந்து சேரும். பையை மடியில் வைத்திருந்ததைப் பார்த்த நடத்துநர் வாங்கி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்ஜின் மூடியின் மேல் வைத்தார். ஏறக்குறைய இடுப்பளவு உயரம். சுமைதாங்கி! இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அது அங்கேயே, யாரோ ஒருவருடைய பலாப்பழத்துக்குப் பக்கத்தில், அசையாமல் கிடந்தது. வளைவுகளில் உடம்பு ஆடாமல் இருக்க முன் இருக்கைக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ள எனக்கும் வசதியாயிற்று. மேலே ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடந்தேன். குளிர், மிளகாய் பஜ்ஜி, குரங்குகள். சொல்ல அதிகம் இல்லை.

திரும்பும் பயணம் சென்னை வழி, ஏற்காடு எக்ஸ்பிரஸில். 45 வயதைத் தாண்டிய பெண் என்பதால் கீழ்ப் படுக்கை கிடைத்திருந்தது. வயது கூடியதில் கிடைத்த முதல் லாபம். சேலம் ஜங்ஷனில் சிவப்புச் சட்டை அணிந்த முதியவர் ஒருவர் பெட்டிக்குக் கை நீட்டினார். அறுபதைத் தாண்டியிருப்பார். எனக்குத் தயக்கமாக இருந்தது, என் 23 கிலோவை அவர் தலையில் ஏற்றவா என்று. அவர் அதைக் கவனிக்கவில்லை. பெட்டியை நடைமேடைப் பெஞ்சு வரை உருட்டிப்போய், முதலில் பெஞ்சின் மேல் ஏற்றினார். துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார். முழங்காலை மடக்கி, பெட்டியைத் தன் நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டு, “ஒரு கை கொடுங்கள் அம்மா” என்றார்.

பெஞ்சு உயரத்திலிருந்து என்பதால் கொடுத்தேன். வலிக்கவில்லை.

“உங்களுக்கு இடுப்பு வலி வருவதில்லையா, ஐயா?”

“ராத்திரியில் வரும்” என்றார் தலையைத் திருப்பாமல். “எந்தக் கோச்?”