‘எ டிக்ளைன் இன்’: நெடுநாள் பயன்படுத்தியபின் ஒரு விமர்சனம்

பொது சுகாதாரத் திட்டங்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. எழுதுவதில் முக்கால்வாசி ‘இது குறைந்தது, அது குறைந்தது’ என்ற சேதிதான். அதற்குப் பல வருடமாக நான் கைவிடாமல் வைத்திருக்கும் சொற்றொடர் ‘எ டிக்ளைன் இன்’ (a decline in), அதாவது ‘இதில் ஒரு குறைவு’.

பிடித்துப்போனதற்குக் காரணம் அதன் அடக்கம். ‘ட்ராப்’ கொஞ்சம் பேச்சுவழக்கு. ‘ரிடக்‌ஷன்’ போட்டால் யாரோ முயன்று குறைத்தார்கள் என்ற தொனி வந்துவிடும், நிதி கொடுத்தவர் “நீங்களா குறைத்தீர்கள்?” என்று கேட்பார். டிக்ளைன் அந்தப் பெருமையை யார் பெயரிலும் எழுதி வைக்காது.

கையாளுவதில்தான் கவனம் வேண்டும். மாதிரிப் பதிவு முறையான எஸ்.ஆர்.எஸ். கணக்குப்படி இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் 2010-ல் 47, 2020-ல் 28. எது குறைந்தது என்பதற்கு ‘இன்’: ‘எ டிக்ளைன் இன் இன்ஃபன்ட் மார்ட்டாலிட்டி’. எதிலிருந்து எதுவரை என்பதற்கு ‘ஃப்ரம் 47 டு 28’. எவ்வளவு என்பதற்கு ‘ஆஃப்’: ‘எ டிக்ளைன் ஆஃப் 19’. அதையே வினையாக்கினால் ‘டிக்ளைன்ட் பை 19’. இந்தக் கடைசி இடத்தில் ‘பை’க்குப் பதில் ‘டு’ விழுந்துவிட்டால், இப்போதைய மரண விகிதமே 19 என்றாகிவிடும். ஆயிரத்துக்கு ஒன்பது குழந்தைகள் காகிதத்தில் பிழைத்துக்கொள்ளும்! இலக்கணம் சரியாகவே இருப்பதால் இலக்கணத்தை மட்டும் பார்க்கும் திருத்த மென்பொருள் அதைப் பிடிக்காது.

‘தி டிக்ளைன் ஆஃப் த முகல் எம்பயர்’ என்று படித்தோமே என்பார்கள். அங்கே குறைந்தது எண்ணிக்கை இல்லை, ஒரு அரசே சரிந்தது. அதற்கு ‘ஆஃப்’ பொருந்தும். சிசு மரண விகிதத்துக்கு ‘இன்’தான்.

சதவீதம் வந்தால் இன்னொரு கண்ணி. தேசியக் குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் 2015-16-ல் 38.4 சதவீதம், 2019-21-ல் 35.5. நேராகக் கழித்தால் குறைவு 2.9 ‘பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்’. பழைய அளவோடு ஒப்பிட்டால் சுமார் 7.6 ‘பர்சென்ட்’. இரண்டும் உண்மை, ஆனால் ‘2.9 பர்சென்ட்’ என்று எழுதினால் தப்பு. எக்செல்லிலிருந்து அப்படியே ஒட்டுகிறவர்கள் ‘எ டிக்ளைன் ஆஃப் மைனஸ் 12 பர்சென்ட்’ என்று கொண்டுவருவார்கள். குறைவுக்குள்ளே ஒரு மைனஸ் எதற்கு? கணக்குப் பார்த்தால் அது கூடியதாகத்தான் ஆகும்.

குறை இல்லாமல் இல்லை. ‘பேஷன்ட்ஸ் டிக்ளைன்ட்’ என்று மொட்டையாக விட்டால் நோயாளிகள் எண்ணிக்கை குறைந்ததா, சிகிச்சை வேண்டாமென்றார்களா, உடல்நிலை மோசமானதா, மூன்றில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். ‘த நம்பர் ஆஃப்’ சேர்த்தால் தீர்ந்தது. ‘ஆன் த டிக்ளைன்’ என்பதை ஒரு காலாண்டுச் சறுக்கலுக்குப் போடாதீர்கள். தொடர்ந்து இறங்கிக்கொண்டிருப்பதற்குத்தான் அது.

நம்மூர்க் கம்பெனி அறிக்கைகளில் குறைவைச் சொல்லப் புழங்கும் ‘டீக்ரோத்’தையும் ‘நெகடிவ் க்ரோத்’தையும் நான் தொடுவதில்லை. நஷ்டத்துக்குக் கோட் மாட்டிவிடும் வேலை அது.

அதே தேசியக் குடும்ப நல ஆய்வை வைத்து ரத்தசோகை அத்தியாயம் எழுதும்போது மட்டும் டிக்ளைனுக்கு ஓய்வு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் 58.6 சதவீதமாக இருந்தது 67.1 ஆகியிருக்கிறது, அங்கே ‘ஆன் இன்க்ரீஸ் இன்’ என்று எழுதியே ஆக வேண்டும்.