சிறுபாலத்தின் வாயிலில் ஒரு தானியங்கிக் கேமரா

நெடுஞ்சாலையின் அடியில் செல்லும் சிறுபாலம் ஒன்றின் வாயிலில் மூன்று மாதங்கள் ஒரு தானியங்கிக் கேமராவைக் கட்டி வைத்திருந்தேன். மான் போன்ற பெரிய விலங்குகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட இக்கருவி, எலிக்கும் மூஞ்சூறுக்கும் கீரிக்கும் சாலை என்ன செய்கிறது என்பதைக் காட்டுமா என்று அறிய விரும்பினேன். சிறுபாலத்துக்குள் ஓரளவு காட்டியது. சாலையோரத்தில் காட்டவே இல்லை.

முதல் வாரம் அதைச் சாலையை நோக்கி வைத்தது என் பிழை. சூழலிலிருந்து வெப்பம் மாறுபட்ட ஏதேனும் நகர்ந்தால் இதன் உணரி விழித்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு லாரியின் எஞ்சின் சூட்டுக்கும் படம் எடுத்து, நினைவட்டையைச் சக்கரங்களால் நிரப்பி, மின்கலங்களையும் தீர்த்துவிட்டது. உள்ளே மாற்றிய பிறகு நிலைமை சீரானது. இரவில் படமெடுக்க உதவும் இதன் 940 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு விளக்கு, 850 நானோமீட்டர் மாதிரிகளைப்போல் மங்கிய செந்நிறத்தில் ஒளிர்வதில்லை. கீரிகள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. குவியம்தான் பெருங்குறை. ஒரு மீட்டருக்குள் வரும் எதுவும் மங்கலாகவே பதிவாவதால், எலியையும் மூஞ்சூறையும் பிரித்தறிய முடியவில்லை. கண்ணாடிக்கு முன் ஓர் உருப்பெருக்கி வில்லையை ஒட்டிய பிறகே மூஞ்சூறின் நீண்ட மூக்கு தெளிந்தது. வெயில் ஏறிய பகல்களில், காற்றின் வெப்பம் உயிரினத்தின் உடல் வெப்பத்தை நெருங்கும்போது, உணரி பலவற்றைத் தவறவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை கருவியினுடையதன்று. சாலையில் நசுங்கிக் கிடப்பவற்றை நாம் காண்கிறோம். சாலையை அணுகாமலே திரும்பிவிடுபவற்றை எந்தக் கேமராவும் காட்டாது. காட்டின் இரு விளிம்புகளுக்கும் இடையே 20 மீட்டருக்கு மேல் திறந்தவெளி இருந்தால் காட்டுவாழ் சிறு பாலூட்டிகள் சாலைப் பரப்பில் இறங்குவது அரிது என்று 1974-இல் வெளியான கனடிய ஆய்வு காட்டியது. அவை அஞ்சுவது வாகனங்களையா, வெறும் சாலைப் பரப்பையா என்று ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டு ஆய்வு, போக்குவரத்துக் குறைந்த சாலைகளையும் அவை தவிர்ப்பதைக் கண்டது. இத்தகைய முடிவுகளுக்கு உயிரோடு பிடித்து, அடையாளமிட்டு, விடுவித்து, மீண்டும் பிடிக்க வேண்டும். என் படங்களில் தெரிந்த எலி நேற்றைய எலிதானா என்பதைக்கூட என்னால் சொல்ல முடியாது.

மழைக்குப்பின் சிறுபாலத்தில் நீர் தேங்கியதும் எலிகள் படத்திலிருந்து மறைந்தன. அமெரிக்காவின் மொன்டானாவில் சிறுபாலங்களின் உட்சுவரில் நீர்மட்டத்துக்கு மேல் தட்டுகளைப் பொருத்தியபோது சிறு பாலூட்டிகள் அவற்றின்மேல் கடந்து சென்றிருக்கின்றன. அதுபோன்ற தட்டு உள்ள இடமாயின் கேமராவைத் தட்டின் உயரத்திலேயே கட்டுவது நல்லது. வாங்குவோர் உயர்ந்த மாதிரி ஒன்றை விடுத்து, எளிய மாதிரிகள் இரண்டை வாங்கலாம். ஒரு வாயிலில் மட்டும் கேமரா இருந்தால், உள்ளே நுழைந்தது மறுபக்கம் சென்றதா, பாதியிலேயே திரும்பியதா என்று தெரியாது.