"ஈசியூ போயிடுச்சுண்ணே" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

பெங்களூரில் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்காக இது. ஈசியூ என்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். போன மாதம் அல்சூர் பக்கம் ஒரு கேரேஜில் 6,500 ரூபாய் விட்டேன். 38,000 போயிருக்க வேண்டியது.

சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி உதறியது. மீட்டரில் மஞ்சள் விளக்கு. கேரேஜ்காரர் தமிழில் "வாங்கண்ணே, எந்த ஊரு?" என்றதும் பாதி விழுந்துவிட்டேன் (இந்த ஊரில் நமக்கெல்லாம் இருக்கும் வியாதி). ஸ்கேனரில் பி0171 என்று கோளாறுக் குறியீடு (கோடு) வந்தது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று அர்த்தம். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, கோடை அழித்துக் கொடுத்தார். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மறுபடி விளக்கு.

"ஈசியூவே போயிடுச்சுண்ணே. பழசு போட்டாலே 38 ஆகும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மாடி வீட்டுத் தம்பி தன் புளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஈசியூ செத்திருந்தா இதெல்லாம் யாருண்ணா சொல்றது?"

அவன் சொன்னது இதுதான். உள்ளே போகும் காற்றை மாஃப் சென்சார் அளக்கிறது. சுமார் 14.7 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல் என்ற கணக்கில், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்று ஈசியூ முடிவு செய்கிறது. சைலன்ஸர் பக்கம் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோல் கம்மி என்று சொன்னால் ஈசியூ கொஞ்சம் கூட்டுகிறது, அதிகம் என்றால் குறைக்கிறது. இந்தத் திருத்தம்தான் ஃப்யூயல் ட்ரிம். ஏறக்குறைய 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. என் வண்டியில் ஐடிலில் (இன்ஜின் ஓட, வண்டி சும்மா நிற்கும்போது) 24, ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் 8. அதாவது மாஃபைத் தாண்டி எங்கிருந்தோ திருட்டுக் காற்று. ஈசியூ பாவம், தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

கோடை அழித்தால் கற்றுவைத்த ட்ரிம்மும் அழிந்துவிடும். அது மறுபடி கற்றுக்கொள்ளும்வரை விளக்கு வராது. என் இரண்டு நாள் நிம்மதியின் ரகசியம் இதுதான்.

பானெட்டைத் திறந்து மாஃபுக்கும், இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸை வளைத்துக் காட்டினான். மடிப்புக்குள் விரல் நகம் நுழையும் அளவு விரிசல். ஜேசி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது ஹோஸ் 900 ரூபாய்.

கழற்றிய பழைய சென்சாரைக் கேட்க அந்தக் கேரேஜுக்குப் போனேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சே" என்றார். பில்லில் "சென்சார்" என்று மட்டும் எழுதியிருக்கிறது, பார்ட் நம்பர் கிடையாது. இந்த முறை அவர் வாயில் "அண்ணே" இல்லை, "சார்".