காலியும் கிங்ஸ்மீடும்: ஒரே பெருங்கடல், இரு ஆடுகளங்கள்

இலங்கையின் காலி கிரிக்கெட் மைதானமும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள கிங்ஸ்மீடும் இந்தியப் பெருங்கடலின் அருகிலேயே அமைந்திருந்தாலும், அழகில் காலிக்கு ஈடாகக் கிங்ஸ்மீடைச் சொல்ல முடியாது. காலியில் கோட்டை மதில்மீது நின்றே, கட்டணமின்றி ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். கிங்ஸ்மீடிலோ கடல் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படுவதில்லை.

ஆடுகளத்தின் இயல்போ நேரெதிரானது. காலியில் வெயிலில் காய்ந்து வெடிக்கும் மண் நாளாக ஆகச் சுழலுக்குத் துணைபோவதால், நாணயச் சுழற்சியில் வென்ற அணி பெரும்பாலும் தயக்கமின்றி முதலில் மட்டை பிடிக்கிறது. இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரன் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை 2010இல் இங்குதான் எடுத்தார். 2004 ஆழிப்பேரலையில் சிதைந்த இம்மைதானத்தில் 2007 டிசம்பரில்தான் மீண்டும் டெஸ்ட் நடந்தது.

கிங்ஸ்மீடில் ஈரக்காற்றும் மேகமூட்டமும் வேகப்பந்தைக் காற்றில் வளைக்க உதவும் என்பது மரபான கணிப்பு. 2024 நவம்பரில் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் மார்கோ யான்சன் 13 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் வீழ்த்த, இலங்கை 42 ஓட்டங்களில் சுருண்டது. கடல் ஏற்றத்தின்போது ஆடுகளம் உயிர்பெறும் என்ற நம்பிக்கையும் அங்கு உண்டு; சுவையான கதை, அவ்வளவே. 2022இல் வங்கதேசத்தை 53 ஓட்டங்களில் சரித்தவர்களில் 7 விக்கெட் எடுத்த கேசவ் மகராஜ் சுழற்பந்து வீச்சாளர் என்பதால், மரபான கணிப்பையும் முழுதாக நம்புவதற்கில்லை.